மூக்கில் பிறந்து மூளைக்குப் போகாதது

ஓய்வுபெற்ற பரிசோதனைக்கூட ஊழியர்களிடம் பணி அனுபவம் கேட்டு ஆண்டு மலரில் போடுவது எங்கள் சங்கத்தின் வழக்கம். இந்த ஆண்டு என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று.

குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம், அந்தப் பக்கத்தில் ‘ஆர்மோன் ஆஸ்பத்திரி’ என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள். அதன் ஹார்மோன் பரிசோதனைப் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு அங்கே ஒரு தானியங்கி இயந்திரம் வந்தது. நாங்கள் இரண்டு நாள் செய்யும் வேலையை அது பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பீப் என்று கத்தியது. பிரிவை மூடினார்கள். பிரிவில் மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்கு முறைப்படி பணி நிறைவு விழா நடத்தினார்கள். சால்வை போர்த்தி, ‘பேரப்பிள்ளைகளோடு இன்புற்று வாழ்க’ என்று அச்சடித்த வாழ்த்துமடல் கொடுத்தார்கள். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இப்போது நாவலூரில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு மருத்துவர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன்.

சங்கத்துக்குப் புதிதாக வந்த தம்பிகள், “பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பீங்களாமே அண்ணா, உண்மையா?” என்று கேட்கிறார்கள். உண்மைதான். அதைச் சொன்னால் ஜாபர் பாயைச் சொல்ல வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது, டிப்ளமா, ஆறு மாதம் டெஸ்ட் டியூப் கழுவுதல். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் இருந்தவர். மகன் ரத்தம் எடுக்கிறான் என்பதில் அவருக்குப் பெருமை. எதற்கு எடுக்கிறான் என்பதைக் கடைசி வரை நான் அவருக்குச் சொல்லவில்லை.

எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் சரோஜினி. அவருக்கு ‘சுமார்’ என்ற சொல் ஆகாது.

“எத்தனை மணிக்கு வந்தீங்க முருகேசன்?”

“எட்டரை இருக்கும் மேடம்.”

“இருக்குமா, இருந்துச்சா?”

இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். ஒன்று ஓடும், இன்னொன்று ஸ்டாப் வாட்ச். மதியம் சென்ட்ரிஃபியூஜில் ரத்தம் நிரப்பிய குழாய்களைச் சுற்றவிட்டு, அது சுற்றி முடிக்கும் பத்து நிமிடத்தில் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு தயிர்சாதம் சாப்பிடுவார். இயந்திரம் நிற்கும்போது டிபன் பாக்ஸும் மூடும். எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஒரு பருக்கை முன்பின் ஆனதில்லை.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம் இது. மூளையின் அடிப்பக்கத்தில் சில ஆயிரம் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை ஒரு சின்னப் பெப்டைடைச் சுரக்கின்றன. பத்தே பத்து அமினோ அமிலங்கள் கோத்த மாலை, அவ்வளவுதான். அது கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும். பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை போய்ச் சேர்ந்தால்தான் ஆணிடம் விந்தணு, பெண்ணிடம் கருமுட்டை. நாம் வாழ்க்கையில் ஆடுகிற ஆட்டமெல்லாம் அந்தப் பத்து மணி கோத்த மாலையின் தயவு.

இதில் வேடிக்கை, அந்தப் பெப்டைடு விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தட்டு. நிறுத்தாமல் கொடுத்தால் பிட்யூட்டரி காதை மூடிக்கொள்ளும். இதை மேடம் படம் போட்டு விளக்கியபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா கன்னியம்மா நிமிர்ந்தார்.

“இதுக்கு இன்னாத்துக்குமா படம்? மாமியாக்காரி நாள் பூரா தொணதொணன்னா மருமவ காதுல வாங்குவாளா? ரெண்டு மணிக்கு ஒருவாட்டி சொன்னா, சரின்னு எந்திரிப்பா.”

மேடம் அதைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு ஒரு கருத்தரங்கில் ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த ஆண்டுகளில்தான், இந்தப் பெப்டைடையும் தட்டி எழுப்ப மேலே இன்னொரு பெப்டைடு இருக்கிறது என்று வெளிநாட்டு இதழ்களில் வந்தது. கிஸ்பெப்டின் என்று பெயர். கண்டுபிடித்தவர்கள் ஊரில் செய்யும் ஒரு சாக்லேட்டை நினைத்து வைத்த பெயராம். கன்னியம்மா, “அதுக்கு மேல யாரு?” என்று கேட்டார். அதற்கு மேலும் ஏதோ இருக்கலாம் என்றேன். “தாலுக்கா ஆபீஸ் கணக்கா கீதே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெப்டைடைக் கை ரத்தத்தில் அளக்க முடியாது, வழியிலேயே கரைந்துவிடும். அது தட்டியதும் பிட்யூட்டரி விடுகிற ஹார்மோனைத்தான் அளக்க வேண்டும். அதனால்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம். காலை எட்டு முதல் மாலை நான்கு வரை, நாற்பத்தொன்பது குழாய். எல்லாவற்றையும் அளந்து வரைபடம் போட்டால் நடுவில் அலைகள் எழும்.

ஒப்பிட ஓர் ஆரோக்கியமான ஆணின் வரைபடம் தேவைப்பட்டது. பிரிவில் இருந்த ஒரே ஆண் நான். என் அலைகள் நான்கும் அழகாக எழுந்தன. மேடம் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். ஒருமுறை பெண் வீட்டார் என்னைப் பார்க்க மருத்துவமனைக்கே வந்தபோது கன்னியம்மா அதைக் காட்டி, “தம்பியோடது. அலை சும்மா அப்டி கீது, பாருங்க” என்றார். பெண்ணின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர்கள் வரவில்லை.

ஜாபர் பாய்க்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அத்தர் கடை. அவருடைய அத்தா காதர் பாய் தொடங்கிய கடை. ஜாபருக்குப் பதினெட்டு வயதிலும் மீசை முளைக்கவில்லை. யாரோ ஒரு டாக்டர் ஆண் ஹார்மோன் ஊசி போட்டார். தாடி வந்தது, குரல் உடைந்தது, கல்யாணமும் ஆனது. நான்கு ஆண்டுகளாகக் குழந்தை மட்டும் இல்லை. அந்த ஊசி மீசையைக் கொடுக்கும், விந்தணுவைக் கொடுக்காது. பிட்யூட்டரி விடவேண்டிய ஹார்மோன்களையே நேரடியாக ஊசியில் போட்டுப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டி, ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒரு வழி. எங்களிடம் ஒரே ஒரு பம்ப் இருந்தது. சோப்பு டப்பா அளவு. இடுப்பில் கட்டிக்கொண்டால், வயிற்றுத் தோலுக்கடியில் குத்திய ஊசி வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பெப்டைடை ஒரு தள்ளு தள்ளும். ஆனால் அது, பிட்யூட்டரி நன்றாக இருந்து மேலிருந்து பெப்டைடு மட்டும் வராதவர்களுக்குத்தான் பயன்படும். பிட்யூட்டரியே படுத்துவிட்டால் யார் தட்டி என்ன?

இதைக் கண்டுபிடிக்க மேடத்திடம் ஒரு குறுக்குவழி இருந்தது: மூக்கு. பெப்டைடைச் சுரக்கிற அந்தச் செல்கள் மூளையில் பிறப்பதில்லை. கருவில் மூக்குப் பக்கம் பிறந்து, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து மூளைக்குப் போகின்றன. அந்த நரம்பு சரியாக அமையாதவர்களுக்கு வாசனையும் தெரியாது, பெப்டைடும் போய்ச் சேராது. வாசனை தெரியாவிட்டால் கோளாறு மேலே, பம்ப் போடலாம்.

வாசனைச் சோதனை என் பொறுப்பு. பன்னிரண்டு பழுப்பு நிறப் புட்டிகள். காபித்தூள், ஏலக்காய், கற்பூரம், கிருஷ்ணாயில், பெருங்காயம், மல்லி எண்ணெய், பினாயில் என்று போகும். ஒன்றில் வெறும் தண்ணீர். கண்ணைக் கட்டி, ஒரு மூக்குத் துவாரத்தை அடைத்து, நான்கு பெயர் சொல்லி, எது என்று கேட்க வேண்டும்.

நான் ஜாபர் பாய்க்குக் கண்ணைக் கட்டவில்லை. அத்தர் வியாபாரியின் கண்ணைக் கட்டி ‘இது காபியா’ என்று கேட்பது அவமரியாதை என்று நினைத்தேன். புட்டி காலாவதி ஆகவில்லையே என்று ஒவ்வொன்றையும் நானே முதலில் முகர்ந்தேன், அவர் எதிரிலேயே. பன்னிரண்டில் பதினொன்று சரியாகச் சொன்னார். வெறும் தண்ணீரை மட்டும் ‘பன்னீர்’ என்றார். வெளியே உட்கார்ந்திருந்த காதர் பாய் கேட்டுவிட்டு, “எம் புள்ள மூக்குக்குப் பரிட்சையா?” என்று சிரித்தார்.

அடுத்து, பெப்டைடை ஒரே ஒருமுறை ஊசியாகப் போட்டுப் பிட்யூட்டரி எழுகிறதா என்று பார்த்தோம். அது அசையவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் தட்டாத பிட்யூட்டரி ஒரே தட்டில் எழுந்துகொள்ளாது என்பதும் உண்டு. ஆனால் மூக்கு நன்றாக இருக்கிறதே! கோளாறு பிட்யூட்டரியில்தான் என்று மேடம் முடிவுசெய்தார். வேளச்சேரியில் ஒரு பெண் பம்ப்புக்குக் காத்திருந்தார். திங்கட்கிழமை அவருக்குப் பொருத்துவதாக ஏற்பாடு. கோப்பை மூடுமுன் ஜாபர் பாய்க்குச் சனிக்கிழமை அந்த எட்டு மணி நேரச் சோதனை.

அன்று பதினோரு மணிக்கு, பத்தொன்பதாவது குழாய் முடித்திருந்தேன். கன்னியம்மா அலமாரியைத் துடைக்கும்போது அழுகிய முட்டை போல நாறும் ஒரு ரசாயன பாட்டில் விழுந்து உடைந்தது. அறை முழுக்க நாறியது. நான் கதவுக்கு ஓடினேன். கன்னியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். ஜாபர் பாய் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். அரை நொடி. பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, “ச்சே, இன்னா நாத்தம்” என்றார்.

அந்த அரை நொடியை எனக்குத் தெரியும். டிப்ளமா வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஜோக் சொல்வார். வகுப்பு சிரிக்கும். நான் அவர்களைப் பார்த்துவிட்டு, அரை நொடி கழித்துச் சிரிப்பேன். இரண்டு ஆண்டுகள், புரியாதது யாருக்கும் தெரியாமல் சிரித்திருக்கிறேன்.

ஜன்னல்களைத் திறந்து கழுவிவிட்ட பிறகு, அடுத்த குழாய்க்கு ரத்தம் இழுத்துக்கொண்டே மெல்லக் கேட்டேன். “பாய், உங்களுக்கு வாசனை தெரியாதா?”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். பத்து நிமிடம் கழித்து அடுத்த குழாய்க்குப் போனேன்.

“எப்டி தம்பி கண்டுபுடிச்ச?”

“பதினொண்ணு எப்படிச் சரியாச் சொன்னீங்க?”

“நீதான் சொன்ன. சரியான பேர் வரும்போது ஒன் குரல் கொஞ்சம் நின்னுச்சு. பெருங்காயத்துக்கு மூஞ்ச சுளிச்ச. மல்லிக்குக் கண்ண மூடுன. தண்ணிக்கு ஒண்ணுமே பண்ணல, அதான் கொயம்பிட்டேன்.”

மேலும் பத்து நிமிடம்.

“கடையிலயும் அதான் தம்பி. மோந்து பாத்து விக்கிறது ஒரு ரகம். மூஞ்ச பாத்து விக்கிறது என் ரகம். மணிக்கட்டுல தடவி வுட்டா போதும், கஸ்டமர் மூஞ்சியே சொல்லிரும்.”

“அப்போ அத்தர் கலக்குறது?”

“வூட்ல நசீமா கலக்குவா. என் சம்சாரம். கல்யாணமாகி மூணாம் நாளு பால தீய விட்டுட்டா. நான் நல்லாகீதுன்னு குடிச்சிட்டேன். அன்னைக்கே கண்டுபுடிச்சிட்டா.”

“இத ஏன் மேடம்கிட்ட சொல்லல?”

“அத்தா வெளிய குந்திகினு கீறாரே. நாப்பது வருஷ மூக்கு அவருது. எம் புள்ளைக்கு என் மூக்குன்னு மார்க்கெட் பூரா சொல்லி வெச்சிருக்காரு. மூக்கில்லாதவன்னு தெரிஞ்சா கடைய தங்கச்சி மாப்ளைக்கு எழுதிருவாரு. அதுகூட பரவால்ல. அவரு மூஞ்சிய பாக்க முடியாது.”

நான் விஷயத்தை விளக்கினேன். மூக்கு வேலை செய்தால் பம்ப் கிடையாது. மூக்கு செத்திருந்தால் பம்ப் உண்டு. திங்கட்கிழமை அது வேளச்சேரிக்குப் போய்விடும்.

அவர் கையை நீட்டியபடியே யோசித்தார். “அப்ப பெயிலானாத்தான் பாஸா?”

“ஆமா பாய்.”

“இன்னா பேஜாரான பரிட்சை தம்பி இது!”

அவர் ரகசியத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் தவறைச் சொல்ல உரிமை உண்டு. நான்கு மணிக்கு நாற்பத்தொன்பதாவது குழாயை மூடியதும் மேடத்திடம் போனேன். கண் கட்டாததையும், முகம் காட்டிக்கொடுத்ததையும், சரியான பெயரில் குரலை நிறுத்தியதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

“எத்தனை செகண்ட் நிறுத்துனீங்க?”

“சுமார்…” என்று தொடங்கி விழுங்கினேன்.

அவர் பதிவேட்டைத் திறந்து, ‘சோதனை செய்தவரின் முகத்தால் பிழை’ என்று என் கையாலேயே எழுதவைத்தார். “திங்கட்கிழமை எட்டு மணிக்கு மறுபடி. நீங்க உள்ள வரக் கூடாது. மூஞ்சில ஒண்ணுமே தெரியாத ஆள் யாரு இருக்காங்க?”

கன்னியம்மா இருந்தார். முப்பது ஆண்டுகளாக மூக்குப்பொடி போடுகிறவர். பெருங்காயத்துக்கும் மல்லிக்கும் அவர் முகத்தில் ஒரே குறிப்புதான் தெரியும், அலுப்பு.

இதற்குள் நாற்பத்தொன்பது குழாய்களின் கணக்கு வந்தது. ஜாபர் பாயின் வரைபடம் தாம்பரம் விமானப்படை ஓடுபாதை போல நீட்டிப் படுத்திருந்தது.

திங்கட்கிழமை காதர் பாய், “மறுபடியுமா? அப்ப நானும் பாக்குறேன் டாக்டரம்மா” என்று உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே அனுப்ப மேடம் வாயெடுத்தார். ஜாபர் பாய், “இருக்கட்டும் மேடம்” என்றார். நசீமா கதவோரம் நின்றார். நான் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தேன்.

கண்ணைக் கட்டினார்கள். கன்னியம்மா முதல் புட்டியைத் திறந்து மூக்கடியில் வைத்து, ரயில் அறிவிப்பு மாதிரி ஒரே சுருதியில் கேட்டார்: “காபியா ஏலக்காவா கற்பூரமா கிருஷ்ணாயிலா?”

ஜாபர் பாய் தலையைத் திருப்பினார். பார்க்க ஒரு முகமும் இல்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்துவிடுவாரோ என்று நான் தடுப்போடு ஒட்டிக்கொண்டேன்.

“தெரியல” என்றார்.

காதர் பாய் சிரித்தார். “வெளையாடுறான்.”

இரண்டாவது. “தெரியல.” மூன்றாவது. “தெரியல.” ஐந்தாவதில் காதர் பாயின் சிரிப்பு நின்றது. எட்டாவதில் அவர் எழுந்தார். பன்னிரண்டு புட்டிக்கும் ஒரே பதிலைச் சொல்லி முடித்துவிட்டு ஜாபர் பாய் கண்கட்டை அவிழ்க்காமலேயே உட்கார்ந்திருந்தார்.

காதர் பாய் மேசைக்கு வந்து ஒரு புட்டியை எடுத்தார். முகர்ந்தார். இன்னொருமுறை ஆழமாக இழுத்தார். கன்னியம்மாவிடம் நீட்டினார்.

“இதுல ஒண்ணுமே இல்லியேம்மா. இத வெச்சி எம் புள்ளய கேட்டா அவன் இன்னா பண்ணுவான்?”

“பெருங்காயம் பாய் அது. எனக்கே லேசா தூக்குது.”

காதர் பாய் புட்டியைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரையும் பார்த்தார். பிறகு அதை மெதுவாக மேசையில் வைத்தார். ஜாபர் பாய் கட்டை அவிழ்த்தார்.

“அத்தா… உங்களுக்குமா?”

“ஒங்கம்மா இருந்தவரைக்கும் அவதான் கலப்பா. அவ மௌத்தானப்புறம் நீ கலக்குறேன்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன்.”

“நான் எங்க கலந்தேன், நசீமா கலக்குறா. போன வருஷம் ஜவ்வாது ஜாஸ்தின்னு என்னை நாள் பூரா திட்டினீங்களே, மோந்து பாத்துட்டுத்தானே திட்டினீங்க?”

“அத்தான்னா அப்பப்ப திட்டணும்ல.”

கதவோரத்திலிருந்து நசீமா சொன்னார்: “எனக்கு ரெண்டு பேர் விஷயமும் தெரியும் மாமா. யாரும் கேக்கல.”

தாம்பரம் மார்க்கெட்டின் பேர்போன அத்தர் கடையை இரண்டு தலைமுறையாக வாசனை தெரியாத இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பயந்து நடத்தியிருக்கிறார்கள். கன்னியம்மாதான் முதலில் சிரித்தார். காதர் பாய் சிரித்தபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்தது.

டாக்டர் சரோஜினி அதற்குள் ஒரு தாளில் கட்டங்கள் போட்டு அவர்கள் குடும்பத்தை வரையத் தொடங்கியிருந்தார். இது குடும்பங்களில் ஓடுகிற குறைதானாம். தந்தைக்கு வாசனை போயிருந்தாலும் செல்கள் எப்படியோ வழி கண்டுபிடித்து மூளைக்குப் போய்விட்டன. ஜாபரே அதற்குச் சாட்சி. மகனுக்கு இரண்டும் போகவில்லை. அன்று மாலையே ஜாபர் பாய் இடுப்பில் பம்ப் ஏறியது. வேளச்சேரிப் பெண்ணுக்கு வாய்வழி மாத்திரை ஒன்று பலிக்கும் என்று மேடம் சொன்னார், பலித்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கடையில் ‘கிர்’ என்று சத்தம் வரும். வாடிக்கையாளர்கள் தங்கள் செல்போனைத் தடவிப் பார்ப்பார்கள். மூன்றாம் மாதம் ஓடுபாதையில் முதல் அலை எழுந்தது. ஆறாம் மாதம் ஊசியில்லாமலேயே சவரம் செய்ய வேண்டி வந்தது. விந்துப் பரிசோதனையில் மட்டும் மாதாமாதம் நான் பூஜ்யம் என்று எழுதினேன். எட்டு, ஒன்பது, பத்து, எல்லா மாதமும் பூஜ்யம். ஒவ்வொரு முறையும் தாளை வாங்கிக்கொண்டு, “பரவால்ல தம்பி” என்று என்னைத்தான் தேற்றுவார்.

பதினோராம் மாதம் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்த கண்ணாடிச் சில்லில் நான்கு விந்தணுக்கள் இருந்தன. நான்கு முறை எண்ணிவிட்டு மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் எண்ணிவிட்டு, “நாலு” என்றார். அப்படியொரு குரலில் அவர் எந்த எண்ணையும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதத்தில் நசீமா கருவுற்றார். எல்லோரும் அந்தச் செய்தியைத்தான் கேட்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த நான்கின் நாள்.

தந்தையையும் மகனையும் உள்ளே அழைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னோம். ஜாபர் பாய் கண்ணை வைத்தார்.

“ஓடுதே தம்பி! எங்க போவுது?”

“முட்டையத் தேடிப் போகும் பாய்.”

“வழி எப்டித் தெரியும்?”

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார். “இன்னும் உறுதியாகல. ஆனா இதுகளுக்கு மூக்குல இருக்கிற மாதிரியே வாசனை உணர்ற கருவி இருக்குன்னு இப்ப கண்டுபிடிச்சிருக்காங்க. மோப்பம் பிடிச்சுப் போகுதோ என்னவோ.”

காதர் பாய் மகனின் தோளைத் தொட்டு நகரச் சொல்லி, தானும் குனிந்து ஒரு கண்ணை வைத்தார்.

“பாத்துப் போங்கடா” என்றார் சில்லைப் பார்த்து. “வழி கேக்குறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்ல. நீங்களே மோந்து போய்க்கங்க.”